மூன்று ஆண்டுகள், 26 வேளைகள்: இந்திரா நகர் நனிசைவ உணவகம் ஒன்றில் எங்கள் அனுபவம்

பெங்களூரு இந்திரா நகரில், நூறடிச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, பழைய வீடு ஒன்றைத் திருத்தி அமைத்திருக்கும், பால் பொருள்களையும் விலக்கும் நனிசைவ (வீகன்) உணவகத்திற்கு 2022 ஜூலையில் முதன்முறையாகச் சென்றோம். அன்று தொடங்கி 2025 செப்டம்பர் வரை அங்கே 26 முறை சாப்பிட்டிருக்கிறோம் என்பதை, என் கணவர் ஒழுங்காகச் சேர்த்து வைத்திருக்கும் பில்களை எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன். ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு எழுதப்படும் குறிப்புகள் இந்த உணவகத்தைப் பற்றி நிறையவே உண்டு. சமையற்கட்டுத் தலைவர் மாறினால் என்ன ஆகிறது, மூன்றாவது ஆண்டிலும் அதே பக்குவம் இருக்கிறதா, கொடுக்கும் பணத்திற்கு எது தகும், எது தகாது என்பதெல்லாம் தொடர்ந்து போய் வந்தால்தான் தெரியும் என்பதால் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். ஜீவன் பீமா நகரில் குடியேறிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் வீட்டில் சைவம் என்றால் புலாலும் முட்டையும் இல்லை என்றுதான் பொருளே தவிர, காலைக் காப்பியிலிருந்து இரவு மோர்ச்சோறு வரை பால் இல்லாத வேளை ஒன்று கூடக் கிடையாது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் என் மகள் பால், தயிர், நெய், தேன் அனைத்தையும் விட்டபோது, வீட்டுச் சமையலை மாற்றிக்கொள்வது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. வெளியே போய்ச் சாப்பிடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. இந்த ஊரின் தர்ஷினிகள் எனப்படும் சிற்றுண்டிக் கடைகளில் பெண்ணெ (வெண்ணெய்) தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்க்கப்படும். பொங்கலிலும் பொடி இட்லியிலும் நெய் மிதக்கும். "நெய் வேண்டாம்" என்று சொன்னாலும் பழக்க தோஷத்தில் ஒரு கரண்டி விழுந்துவிடும். ஒவ்வொரு முறையும் அவள் நான்கு கேள்விகள் கேட்டு, பரிமாறுபவர் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, கடைசியில் பழச்சாறு மட்டும் குடித்துவிட்டு எழுந்த நாட்கள் உண்டு. எந்தக் கேள்வியும் கேட்காமல் பட்டியலில் உள்ள எதையும் அவள் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம் என்கிற ஒரே நிம்மதிக்காகத்தான் நாங்கள் அங்கே போகத் தொடங்கினோம். மூன்று ஆண்டுகளில் அந்த நிம்மதி அவள் விஷயத்தில் ஒரே ஒரு முறைதான் பொய்த்தது. எலுமிச்சைப் பானம் ஒன்றில் தேன் சேர்ப்பதை முதல் சில மாதங்களில் அவள் கண்டுபிடித்துச் சொன்னாள். அடுத்த முறை போனபோது தேன் நீக்கப்பட்டு, கருப்பட்டிப் பாகு வந்திருந்தது.

உணவைப் பற்றிச் சொல்லும்போது, நான் முதலில் சொல்ல விரும்புவது 2023 ஜனவரியில் சாப்பிட்ட அவரைக்காய் உணவைத்தான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெங்களூரு முழுவதும் அவரைக்காய் மணக்கும். உரித்த கொட்டைகளைத் தண்ணீரில் ஊறவைத்து, விரலால் அழுத்தித் தோலைப் பிதுக்கி எடுக்கும் பருப்பை இங்கே ஹிதிகித பேளே என்பார்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்களுக்கு அது பிதுக்குப் பருப்பு. அந்தப் பருப்பைக் குழையவிடாமல், ஒவ்வொன்றும் முழுதாக நிற்கும்படி வேகவைத்து, பச்சை மிளகாய், பூண்டு, தேங்காய், இந்த ஊர்க்காரர்கள் சப்சிகே என்று அழைக்கும் சதகுப்பைக் கீரை ஆகியவற்றோடு சேர்த்து, ஆழமில்லாத மண்தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்தில் காகிதம் போல மெல்லிய கேழ்வரகு ரொட்டித் துண்டுகள் இருந்தன. அவரைக்காயின் எண்ணெய்ப் பசைக்கு ஒரு தனி வாசனை உண்டு. கன்னடத்தில் அதைச் சொகடு என்பார்கள். காய் உரித்தவர் கையை விட்டு அது மறுநாள் வரை போகாது. அந்த வாசனை தட்டை மேசையில் வைத்தவுடனேயே எழுந்தது. வெண்ணெயோ பாலாடையோ கொண்டு அதை மூடியிருந்தால் நிச்சயமாகக் கெட்டிருக்கும். இந்த உணவில் பால் இல்லை என்பது சாப்பிட்டு முடிக்கும்வரை எங்களில் ஒருவருக்கும் நினைவுக்கு வரவே இல்லை. 2024, 2025 ஜனவரிகளிலும் இதற்காகவே போனோம். மூன்று முறையும் பக்குவம் பிசகவில்லை.

பலாமூசு பிரியாணியும் அப்படித்தான். இளம் பலாவின் நார் மசாலாவை உள்ளே வாங்கிக்கொள்ளும் தன்மை உடையது என்பதால், சீரகச் சம்பா அரிசியோடு அது நன்றாகவே சேர்ந்தது. டெம்பே என்று சொல்லப்படும், பூஞ்சை கொண்டு புளிக்கவைத்த இந்தோனேசியச் சோயாக் கட்டியை மெல்லியதாகச் சீவி, பேடகி மிளகாய் விழுதில் பிரட்டிப் பொரித்துத் தந்தது, என் கணவர் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கும் பண்டமாகிவிட்டது.

மாறாக, இன்னொன்றைப் போல நடிக்க வைக்கப்படும் உணவுகளில்தான் இந்த உணவகம் திரும்பத் திரும்பச் சறுக்குகிறது. முந்திரியை ஊறவைத்து அரைத்துப் புளிக்கவைத்த சீஸ் வகைகளில், மிளகு தோய்த்து முதிரவைத்த ஒன்று உண்மையாகவே நல்ல சுவை. ஆனால் பீட்சாவின் மேல் உருகி இழைய வேண்டிய சீஸ், மாவுச்சத்தும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்த கலவை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பது நம் வீட்டுக் குளியலறைப் புட்டியைப் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். டிசம்பர் மாத இரவில், அந்த உணவகத்தின் திறந்த தாழ்வாரத்தில் அமர்ந்து இரண்டாவது துண்டை எடுத்தபோது, மேற்பரப்பு மெழுகு போல வெளுத்து இறுகியிருந்தது. வாயில் வைத்தால் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கரைய மறுத்தது. பணியாளரிடம் சொன்னதும் சூடாக்கித் தந்தார்கள். ஐந்து நிமிடத்தில் மறுபடி அதே நிலை. சோயாவில் செய்த போலிக் கைமாவும் சாப்பிட்ட மூன்று முறையும் உப்பும் மசாலாவும் மட்டுமே தெரிந்த பண்டமாகவே இருந்தது. வேர்க்கடலைத் தயிரில் பிசைந்த தயிர்ச் சோற்றை இரண்டு வாய் சாப்பிட்ட என் மாமியார், "தயிர்னா புளிப்பு மட்டும் போதுமா ஏட்டி, பால் மணம் வேண்டாமா?" என்று பேத்தியிடம் கேட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

அதே மாமியார் அங்கே இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது சொதி. 2023 நடுவில் பட்டியலில் அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. எங்கள் பக்கத்தில் திருமணத்திற்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்தில் சொதி இல்லாமல் இருக்காது. அதில் கைபட்டுப் பழகாதவர்கள் செய்தால் தேங்காய்க் குழம்பாக முடிந்துவிடும். காய்களைத் தேங்காயின் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பைச் சேர்த்து, முதல் பாலை ஊற்றியதும் கொதி வருவதற்குள் இறக்கி, ஆறத் தொடங்கிய பிறகே எலுமிச்சை பிழிய வேண்டும். ஒரு கொதி கூடினாலும் பால் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும். அவர்கள் கொண்டுவந்த சொதி திரியவில்லை, மஞ்சள் நிறமும் கூடவில்லை; இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் கூடவே வந்தன. இயல்பிலேயே பாலும் நெய்யும் வேண்டாத இந்த உணவை நம் வீடுகளில் தலைமுறைகளாகச் சமைத்து வந்திருக்கிறோம். அதைத் தேடி எடுத்து, ஒரு கிண்ணத்திற்கு 520 ரூபாய் விலை வைக்கும் அளவுக்கு மதித்தார்களே என்று எனக்கு மனம் நிறைந்தது.

2024 கடைசியில் சமையற்கட்டின் தலைவர் மாறினார். அடுத்த முறை வந்த சொதியில் புதிய தேங்காயின் வாசனை இல்லை. அட்டைப் பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலைப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பது நாக்கில் பட்டதுமே தெரிந்தது. பிரியாமல் இருக்கச் சேர்மானம் கலந்த அந்தப் பால் கொதித்தாலும் எளிதில் திரியாது. அதனாலேயே சொதிக்கு வேண்டிய மென்மையும் அதில் வராது. மேலாளரிடம் சொன்னபோது, தேங்காய் உடைத்துத் துருவிப் பிழிய ஆளும் நேரமும் போதவில்லை என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். 2025இல் தேங்காய் விலை ஏறிய வேகத்தை மளிகைக் கடையில் நாமும் பார்த்தோம் என்பதால் அவர் நிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் விலையை 640 ரூபாய்க்கு உயர்த்திவிட்டுப் பாலை மட்டும் மாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. சில மாதங்களில் சொதி பட்டியலிலிருந்தே நீங்கிவிட்டது.

இனி, எங்களை உண்மையில் உலுக்கிய நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். 2023 அக்டோபரில் என் நாத்தனார் குடும்பத்தையும் அழைத்துச் சென்றிருந்தோம். அவர் மகனுக்கு அப்போது பதினொரு வயது. முந்திரி ஒவ்வாமை உண்டு. காளான் மேல் ஊற்றிய வெள்ளை நிறச் சாறைக் காட்டி, இவனுக்கு ஒவ்வாமை இருக்கிறது, இது சரிப்படுமா என்று நாத்தனார் கேட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த பணியாளர், "கவலையே வேண்டாம் மேடம், இங்கே எதிலும் பால் கிடையாது" என்றார். கேட்டது ஒன்று, வந்த பதில் வேறொன்று என்பதைப் பேச்சு மும்முரத்தில் நாங்களும் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் பையனின் உதடு தடித்து, கழுத்தில் தடிப்புகள் எழும்பின. அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஓடி, ஊசி போட்டு, நள்ளிரவு வரை கண்காணிப்பில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்லபடியாக முடிந்தது. பாலை விலக்கும் சமையற்கட்டில் பாலின் இடத்தைப் பெரும்பாலும் முந்திரிதான் பிடித்துக்கொள்கிறது. வெள்ளைச் சாறு, கிரீம், சீஸ், பாயசம் என்று எல்லாவற்றிலும் அது ஒளிந்திருக்கிறது. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நனிசைவ உணவகம் மற்ற இடங்களைவிடப் பாதுகாப்பானது என்று எண்ணுவது பெரிய தவறு என்பதை அன்று கற்றோம்.

மறுநாள் உரிமையாளரே தொலைபேசியில் அழைத்து, மழுப்பாமல் மன்னிப்புக் கேட்டார். மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவையும் பட்டியலில் ஒவ்வாமை விவரத்தைத் தர வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒரே இடத்தில் நடக்கும் இதுபோன்ற உணவகங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாதிருந்தும், இரண்டு மாதத்திற்குள் பட்டியலில் ஒவ்வொரு உணவுக்கும் பக்கத்தில் முந்திரி, வேர்க்கடலை, சோயா, கோதுமை ஆகியவற்றுக்குத் தனித்தனி அடையாளங்கள் அச்சாகி வந்தன. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆயினும் அன்றன்றைய சிறப்பு உணவுகளை எழுதி வைக்கும் கரும்பலகையில் அந்த அடையாளங்கள் இன்று வரை இல்லை. செப்டம்பரில் போனபோதும் அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பரிமாறுபவர்களில் ஒருவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த தமிழர். 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அந்த ஊர்க்காரர்கள் பெருந்திரளாகத் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து போகிறார்கள். அவரும் அப்படி வருபவர்தான். எந்தக் குழம்பில் எது அரைத்து விட்டிருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. "அக்கா, இன்னிக்கு சூப்புல முந்திரி போட்டிருக்காங்க, தம்பி வந்திருந்தா குடுக்காதீங்க" என்று நாங்கள் கேட்காமலே சொல்வார். அவர் பணியில் இருக்கும் நாளாகப் பார்த்தே மேசை சொல்லி வைக்கிறோம்.

காப்பியைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆண்டில் சோயாப் பாலில் தந்த ஃபில்டர் காப்பி, டம்ளரிலேயே திரிதிரியாகப் பிரிந்து வந்தது. டிகாக்ஷனின் அமிலமும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரித்துவிடுகின்றன. இப்போது ஓட்ஸ் பாலை முதலில் சூடாக்கி, அதில் டிகாக்ஷனைச் சிறுகச் சிறுக விடுகிறார்கள். பிரியவில்லை, நுரையும் நிற்கிறது, ஆனால் பசும்பால் காப்பிக்கு அது ஈடாகாது. மகள் விரும்பிக் குடிக்கிறாள். நாங்கள் வீட்டுக்கு வந்து போட்டுக்கொள்கிறோம்.

2022இல் நால்வருக்கு 4,800 ரூபாய் ஆன இரவுச் சாப்பாடு, 2025இல் 6,700 ரூபாய்க்குக் குறையாமல் ஆனது. ஐந்து விழுக்காடு ஜிஎஸ்டி இதில் அடக்கம். தொடக்கத்தில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணத்தையும் கேட்காமலே சேர்த்துவந்தார்கள். அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதலை டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்த பிறகே, எங்கள் பில்லில் அந்தக் கட்டணம் மறைந்தது. மகளுக்கு வைட்டமின் பி12 குறையாமல் இருக்க மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். செடிகொடிகளிலிருந்து வரும் உணவில் அது கிடைக்காது என்பதால், எவ்வளவு உயர்ந்த நனிசைவ உணவகத்தில் சாப்பிட்டாலும் மாத்திரையை நிறுத்த முடியாது.

இனிப்பில், கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சிய கேழ்வரகுப் பாயசத்தைக் கேட்டு வாங்குங்கள். அதில் முந்திரி கிடையாது. மாதம் ஒருமுறை போவதாக இருந்த எங்கள் வழக்கம் இப்போது மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்று குறைந்துவிட்டது. போனால், அந்தப் பருவத்துக் காயில் என்ன செய்திருக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்து அதையே வாங்குகிறோம். அவரைக்காய்ப் பருவத்திற்காக வரும் ஜனவரியில் நான்கு பேருக்கு மேசை சொல்லியாகிவிட்டது. ஐந்தாவதாக நாத்தனார் மகனையும் அழைத்துப் போகலாமா என்பதைக் கரும்பலகையைப் பார்த்த பிறகு முடிவு செய்வோம்.