மின் டெண்டர் தளத்தில் நகராட்சிப் பூங்கா எடுப்பது: தளம் சரி, தாள்தான் கோளாறு

தஞ்சை சிவகங்கைப் பூங்கா மாதிரி உள்ளாட்சிக்குச் சொந்தமான பூங்கா, படகுக் குழாம், நீச்சல் குளம் எதையாவது குத்தகைக்கு எடுத்து நடத்த நினைப்பவர்கள், நோட்டீஸ் போர்டோடு தமிழக அரசின் மின் டெண்டர் தளத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சில ஊர்களில் நேரடி ஏலமும் கூடவே நடக்கும்.

தளத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. பழைய முறையில் ஏல அறை வாசலிலேயே நாலு பேர் பேசி முடித்து ஐந்தாமவரை உள்ளே விடாத கதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே நீங்கள் போடும் தொகை பூட்டப்பட்டுவிடும். திறக்கும் அதிகாரிகளின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாமல் திறக்காது. (ஃபோனில் பேசி முடிப்பதை எந்தத் தளமும் தடுக்காது, அது வேறு.)

சிக்குவதெல்லாம் சின்ன விஷயங்களில்தான். கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து (இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் சான்று) பென் டிரைவ் போன்ற யு.எஸ்.பி. டோக்கனில் வேண்டும், டோக்கனை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கணினியில் ஏற்றாமல் கடைசி நாளில் உட்கார்ந்தால் கதை முடிந்தது. பாஸ்வேர்டைத் தொடர்ந்து தப்பாக அடித்தால் டோக்கனே பூட்டிக்கொள்ளும். விலைப்பட்டியல் எக்செல் கோப்பின் பெயரை மாற்றக் கூடாது, அதற்குள் இருக்கும் மேக்ரோ எனும் சிறு நிரலை அனுமதிக்க வேண்டும், லிப்ரே ஆபீஸில் திறந்து சேமிக்கக் கூடாது. கெடு கணக்காவது திரையில் ஓடும் சர்வர் கடிகாரத்தின்படி, உங்கள் செல்ஃபோன்படி அல்ல. நேரம் முடியும்வரை தொகையைத் திருத்தித் திருத்தி அனுப்பலாம். ஆனால் வாபஸ் வாங்கினால் அதே டெண்டரில் மறுபடி நுழைய வழியில்லை. தேடும்போது தமிழில் ‘குத்தகை’ என்று அடித்துப் பயனில்லை. தலைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ரோடு, சாக்கடை வேலைகளுக்கு நடுவே புதைந்திருக்கும். திருத்த அறிவிப்பு வந்திருக்கிறதா என்று கெடுவுக்கு முந்தின நாள் வரை பார்க்க வேண்டும். கேட்கிற டேவணித் தொகையும் (டெண்டரோடு கட்டும் முன்வைப்பு) தாசில்தாரின் சால்வன்சி சான்றும் (உங்கள் சொத்து மதிப்புக்கான சான்று) குறைந்தால், உங்கள் தொகையைத் திறக்கவே மாட்டார்கள்.

கோளாறு, உள்ளாட்சிகள் அந்தத் தளத்தில் ஏற்றும் டெண்டர் தாளில், அதாவது நிபந்தனைகள் எழுதிய ஆவணத்தில். பல தாள்களில் ‘அதிகத் தொகை கேட்பவருக்கு’ என்ற ஒரே அளவுகோல். பூங்காவைப் பராமரிக்கத் தெரிந்தவரா என்ற கேள்வியே இராது. நியூயார்க் மாநகரம் தன் கோல்ஃப் மைதானங்களை வெளி ஆட்களிடம் விடுகிறது. அமெரிக்காவின் இன்னொரு நகரமான சான் டியாகோ தன்னுடைய டோரி பைன்ஸ் கோல்ஃப் மைதானத்தைத் தானே நடத்துகிறது. எந்த வழியானாலும் புல்லை யார் வெட்டுவது, மோட்டார் எரிந்தால் யார் மாற்றுவது என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும். நம் தாள்களில் ‘பராமரிப்பு குத்தகைதாரரைச் சேரும்’ என்று ஒரு வரி. ஆழ்துளைக் கிணறு வற்றினால் அதுவும் பராமரிப்பா? புதுக் கிணறு போடும் செலவு யாருடையது? டெண்டருக்கு முந்தைய கூட்டத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு மதிப்பில்லை.

தண்ணீர்க் கணக்கைத் தொகை போடும் முன்பே போடுங்கள். கோடையில் புல்லுக்கு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 20,000 லிட்டர். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது. அதற்குப் பின் வாய்க்கால் காய்ந்து, போர்வெல்தான் கதி. நாகை, வேதாரண்யம் பக்கம் போர்வெல் தண்ணீரில் உப்பு ஏறும். அங்கே எடுக்குமுன் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. உப்பை ஓரளவு தாங்குவது அருகம்புல். வெப்பப் பகுதிக் கோல்ஃப் மைதானங்கள் பலவற்றில் வளர்ப்பதும் அதன் தேர்ந்த ரகங்களைத்தான்.

மழைக்காலம் இன்னும் பெரிய ஓட்டை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை களிமண் ஊறிக் கிடக்கும். கனமான புல்வெட்டும் வண்டியை இறக்கினால் சக்கரத் தடம் பள்ளமாக நின்றுவிடும், மணல் தூவிச் சமன் செய்யும் செலவு தனி. கூட்டம் வராது, டிக்கெட் ஓடாது, குத்தகை மட்டும் ஓடும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கரையைக் கடந்தபோது மரங்கள் விழுந்து கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. விழுந்த மரத்தை அகற்றுவது யார், அரசு உத்தரவால் மூடிய நாட்களுக்குக் குத்தகை கழியுமா என்று ஒரு வரி இல்லாத தாளுக்குக் கூடுதல் தொகை போடாதீர்கள். 2020-ல் கொரோனாவுக்குப் பூங்காக்கள் மூடியபோதும் இதே வரிதான் தேவைப்பட்டது.

இன்னொன்று ஜி.எஸ்.டி. உள்ளாட்சி தன் இடத்தை ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவருக்கு வாடகைக்கு விட்டால், வரியைக் கட்ட வேண்டியது எடுத்தவர். ஆண்டுக்கு 12 லட்சம் என்றால் 18 சதவீதம், அதாவது 2,16,000 ரூபாய் மேலே. இதை உள்ளீட்டு வரவில் (வாங்கிய பொருள், சேவைகளுக்கு ஏற்கெனவே கட்டிய வரியின் வரவில்) கழிக்க முடியாது. முதலில் ரொக்கமாகக் கட்டிவிட்டு, தகுதி இருந்தால் பிறகு வரவு எடுக்கலாம். முழு ஆண்டுக் குத்தகையை முன்பணமாகக் கேட்கும் தாள்களில் முதல் மாதமே கையைக் கடிப்பது இதுதான்.

ஒப்படைக்கும் நாளில் பொறியாளரோடு சேர்ந்து நடந்து, மோட்டார் எண், படகு, உயிர்காப்பு அங்கி, விளக்கு, கழிவறைக் குழாய் வரை போட்டோவோடு பட்டியல் எடுத்து இருவரும் கையெழுத்திட வேண்டும். மின் இணைப்பு யார் பெயரில், எந்தக் கட்டண விகிதத்தில், பழைய பாக்கி எவ்வளவு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள். படகும் மோட்டாரும் ஓடும் நிலையில் இல்லையென்றால் ‘பழுது’ என்று அன்றே குறிக்க வேண்டும். குறிக்காவிட்டால் குத்தகை முடியும்போது புதிதாக வாங்கிக் கொடுக்கச் சொல்வார்கள், டெபாசிட்டிலிருந்து பிடிக்கவும் செய்வார்கள்.