வாட்டைப் பார்த்து லேப்டாப் வாங்காதீர்கள்: கோத்தகிரியிலிருந்து ஒரு ஒப்பீடு

செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பிராசசர் எத்தனை வாட் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 6 வாட் செலரான் (இன்டெலின் மலிவு வகைப் பிராசசர்) என்றால் கரண்ட் மிச்சமாகும், 15 வாட் ஐ5 (அதே இன்டெலின் வேகமான வகை) பேட்டரியைக் குடித்துவிடும் என்று விற்கிறவர்கள் சொல்கிறார்கள். பயன்படுத்திப் பார்த்தால் கதை வேறு.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஜெராக்ஸ், தமிழ் டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. டெஸ்க்டாப் வைத்துக்கொள்ளவில்லை. வடகிழக்குப் பருவமழை பிடித்தால் எங்கேயாவது ஒரு கற்பூர (யூகலிப்டஸ்) மரம் கம்பி மேல் சாய்ந்துவிடும். பைக்காராவில் 1932லேயே மின் உற்பத்தி தொடங்கிய நீலகிரி மாவட்டம்தான் இது. ஆனாலும் லைன் வருவது மரங்களுக்கு நடுவே என்பதால் இன்வெர்ட்டர் இல்லாமல் முடியாது. 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் கணக்குப்படி 1800 வாட்-அவர் இருக்கும், கைக்கு வருவது அதைவிடக் குறைவு. அதை நம்பித்தான் அன்றைய வேலை நடக்க வேண்டும். அதனால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பழைய பிராசசர்களில் எது இன்றைக்கும் உழைக்கும் என்பது எனக்குப் பிழைப்பு சம்பந்தப்பட்ட கேள்வி.

அடியிலிருந்து வருகிறேன். 2008இல் வந்த, இன்டெலின் ஆட்டம் (Atom) என்270 பிராசசர் வெறும் 2.5 வாட். ஒரே கோர் (கணக்குப் போடும் மூளை ஒன்றுதான்), 32 பிட் என்ற பழைய வகை. பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்செட் பிராசசரைவிட அதிகம் இழுக்கும் என்பதால் அந்த 2.5 வாட்டில் பெரிய பலனும் கிடையாது. லினக்ஸுக்கான (விண்டோஸுக்குப் பதில் போடும் இலவச இயங்குதளம்) குரோம் 2016லேயே 32 பிட்டைக் கைவிட்டது. 2025இல் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸை 32 பிட் மெஷினில் புதிதாக நிறுவ வழியில்லை. பாட்டு கேட்கலாம், ஆஃப்லைனில் டைப் அடிக்கலாம். இணைய வேலைக்கு இலவசமாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

இன்டெலுக்குப் போட்டியான ஏஎம்டியின் ஈ-350 (2011, 18 வாட்) இரண்டு கோர், 64 பிட். வந்த காலத்தில் ஆட்டத்தைவிட நல்ல சிப், கிராஃபிக்ஸும் பரவாயில்லை. இன்றைய வெப்சைட்டுகளுக்குத் தாங்காது. அதே ஆண்டின் செலரான் 847ம் (17 வாட்), 2014இன் செலரான் என்2840ம் (7.5 வாட்) வேகத்தில் ஏறக்குறைய ஒரே வரிசை. மூன்றே ஆண்டில் பாதி வாட்டுக்கும் கீழே அதே வேலையைச் செய்ய வைத்தது பெரிய சாதனைதான். ஆனால் இன்று உங்கள் முன்னால் இருக்கும் விண்ணப்பப் பக்கத்துக்கு அந்தச் சாதனை போதாது. போட்டோ அப்லோடு செய்து, அதே நேரத்தில் இன்னொரு டேபில் பிடிஎஃப் திறந்தால் கர்சர் நின்றுவிடும்.

இப்போது என்2840ஐவிட ஒரு வருடம் மூத்த ஐ5-4300யூவை எடுத்துக்கொள்ளுங்கள். 2013, 15 வாட். வேகம் மூன்று நான்கு மடங்கு. என்னிடம் பிளக்கில் சொருகும் வாட் மீட்டர் ஒன்று உண்டு. பிரவுசர் திறந்திருக்க, திரை வெளிச்சம் குறைத்து, சும்மா நிற்கும் நிலையில் இந்த இரண்டு லேப்டாப்புக்கும் ஒன்றிரண்டு வாட்தான் வித்தியாசம் காட்டுகிறது. காரணம் எளிது. டிடிபி என்று போட்டிருக்கும் வாட், பிராசசர் முழு மூச்சில் ஓடும்போது ஹீட் சிங்க் எவ்வளவு சூட்டை வெளியேற்ற வேண்டும் என்பதற்கான அளவு. எந்நேரமும் அவ்வளவு இழுக்கும் என்று பொருளில்லை. ஐ5 பக்கத்தைச் சட்டென்று திறந்துவிட்டு அடங்கிவிடுகிறது. சின்ன செலரான் அதே பக்கத்துக்கு நெடுநேரம் முக்குகிறது, அத்தனை நேரமும் திரையும் எரிந்துகொண்டிருக்கிறது. வீடியோ எடிட்டிங் மாதிரி விடாமல் ஓட்டும் வேலை என்றால் ஐ5 அதிகம் இழுக்கும், அதை மறுக்கவில்லை. நம் வேலை அது இல்லையே.

வீடியோ பார்ப்பதில் மட்டும் சின்ன சிப்புகளுக்கு ஒரு நியாயம் உண்டு. யூடியூப் பெரும்பாலும் வீடியோவை விபி9 என்ற சுருக்கிய வடிவில் அனுப்புகிறது. 2016இன் செலரான் என்3350, அதற்குப் பின் வந்த என்4000, என்4100 இவற்றில் விபி9ஐ விரிக்கத் தனிச் சுற்றே இருக்கிறது. நாலாம் தலைமுறை ஐ5இல் (மேலே சொன்ன 4300யூ அந்த வகை) அது முழுமையாக இல்லாததால் பிராசசரே சுமக்கிறது, ஃபேன் சுற்றத் தொடங்கும். எச்264 என்ற பழைய வடிவை மட்டும் கேட்டு வாங்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் பிரவுசரில் போட்டால் சத்தம் அடங்கிவிடும். ஆன்லைன் வகுப்புப் பதிவுகளை மணிக்கணக்கில் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதை நானே போட்டுக் கொடுக்கிறேன்.

என்4100ஐத் தனியாகப் பாராட்ட வேண்டும். நாலு கோர், 6 வாட். எல்லாக் கோரும் சேர்ந்தால் ஐ5-4300யூவுக்கு ஏறக்குறைய சமம், ஒற்றைக் கோர் வேலையில் ஐ5 முன்னால். விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் விண்டோஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு இது முக்கியம். ஐ5 வரிசையில் அந்தப் பட்டியலுக்குள் வர எட்டாம் தலைமுறை வேண்டும். ஐ5-8250யூ (2017, நாலு கோர், 15 வாட்) கைக்கு எட்டும் விலையில் அமைந்தால் மேலே சொன்ன எதையும் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

சின்ன செலரான்களில் உண்மையான வில்லங்கம் பல சமயம் பிராசசரே இல்லை. போன மழைக்காலத்தில் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர், மகள் காலேஜ் சேர்ந்திருக்கிறாள் என்று ஒரு லேப்டாப்பைப் பார்வைக்கு வாங்கி வந்திருந்தார்.

“தங்கச்சி, ஒம்போதாயிரம் சொல்றாங்க. புதுசாட்டமே இருக்கு. எடுத்துக்கலாமா?”

பளபளவென்றுதான் இருந்தது. ஆன் செய்து பார்த்தால் ரேம் 2 ஜிபி, ஸ்டோரேஜ் 32 ஜிபி இஎம்எம்சி (மெமரி கார்டு மாதிரியான மலிவு வகை), அதில் விண்டோஸ் போக மிச்சம் சொற்பம். இரண்டும் போர்டிலேயே சால்டர் செய்தவை. அடியில் கழற்றுவதற்கு ஒரு மூடிகூட இல்லை.

“வேண்டாங்கண்ணா. இதுல ரேமும் ஏத்த முடியாது, டிஸ்க்கும் மாத்த முடியாது. ஒரு அப்டேட் வந்தா எடமே பத்தாது.”

திருப்பிக் கொடுத்துவிட்டு, கோவை காந்திபுரத்தில் அதே பணத்துக்குள் ஓரம் தேய்ந்த பழைய ஐ5 ஒன்றை எடுத்து வந்தார். 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்), லினக்ஸ் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை). இப்போது அந்தப் பெண் அதில்தான் ப்ராஜெக்ட் எழுதுகிறாள்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இங்கே தூசியைவிட ஈரப்பதம்தான் எதிரி. ஆன் செய்தால் திரை கறுப்பாகவே இருக்கிறது, ரெண்டு பீப் அடிக்கிறது என்று வரும் லேப்டாப்பில் நான் முதலில் கழற்றுவது ரேமை. தங்க நிற முனைகளைச் சாய்த்துப் பிடித்தால் புகை படிந்த மாதிரி மங்கல் தெரியும். பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுச் சொருகினால் பல நேரம் உயிர் வந்துவிடும். ஃபேன் இல்லாத செலரான் மாடல்களுக்கு இந்த ஊரில் நான் மதிப்பெண் கூட்டிப் போடுவது இதனால்தான். மூடுபனிக் காற்றை உள்ளே இழுக்க அவற்றில் வழியில்லை. என்4000 கொண்ட ஒன்றைக் கடை வாசலில் பில் போட வைத்திருக்கிறேன், அந்த வேலைக்குக் குறை சொல்ல முடியாது.

முக்கிய வேலைக்கு நான் நம்புவது லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்240 லேப்டாப், ஐ5-4300யூ பிராசசர். அதில் உள்ளே ஒரு பேட்டரி, பின்னால் கழற்றக்கூடிய பேட்டரி ஒன்று. கரண்ட் இல்லாத நேரத்தில் பின்பேட்டரி தீர்ந்தால் லேப்டாப்பை அணைக்காமலே உருவிவிட்டு, சார்ஜ் ஏற்றி வைத்த இன்னொன்றை மாட்டலாம். பாதி நிரப்பிய விண்ணப்பம் அப்படியே இருக்கும். ரேம் ஸ்லாட் ஒன்றுதான், 8 ஜிபிக்கு மேல் ஏறாது. வாங்கும்போது 4 ஜிபி போட்டிருந்தால் விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள். பின்பேட்டரி மூன்று செல்லா ஆறு செல்லா என்று கேளுங்கள். உள் பேட்டரி செத்திருந்தால் மாற்றும் நேரத்தில் மெஷின் அணைந்துவிடும், எனவே கடையிலேயே சார்ஜரையும் பின்பேட்டரியையும் எடுத்துவிட்டு ஓடுகிறதா என்று பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.