புள்ளி வைத்த வெள்ளைப் பந்தும் 85 டிகிரி கட்டும்

வடபழனியில் நூறடி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவின் மாடியில் நான் ஆடும் பூல் கூடம் இருக்கிறது. கியூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அதைக் கொண்டு மற்றப் பந்துகளை மேசையின் பாக்கெட்டுகளில் விழவைக்கும் ஆட்டம் பூல். அங்கே பல வருடங்களாகத் தீராமல் கிடந்த வழக்கு ஒன்று உண்டு. வெள்ளைப் பந்து வரும் திசைக்கு ஏறக்குறையச் செங்குத்தாக அமைந்த பாக்கெட்டில் ஒரு பந்தைக் கட் செய்து, அதாவது ஓரத்தில் தொட்டுத் திசை திருப்பிப் போட முடியுமா, முடியாதா என்பதுதான் அது. முடியும் என்பவர்கள் தாங்கள் போட்ட ஒரு பந்தை நினைவுபடுத்துவார்கள். முடியாது என்பவர்கள் அது தற்செயல் என்பார்கள். ஒன்பது மாதங்களுக்கு முன் நான் வாங்கிய புள்ளி வைத்த வெள்ளைப் பந்து இந்த வழக்கை எனக்குத் தீர்த்துவைத்தது. அதனால் அந்தப் பந்தைப் பற்றி எழுதும்போது அந்தக் கட்டைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பந்தின் பெயர் அரமித் ப்ரோ கப். பெல்ஜியம் நாட்டுச் சலுக் நிறுவனம் பீனாலிக் பிசினில் செய்வது, விட்டம் 57.15 மில்லிமீட்டர். வெள்ளைப் பரப்பில் ஆறு சிவப்புப் புள்ளிகள், ஒரு கனசதுரத்தின் ஆறு முகங்களுக்கும் ஒவ்வொன்றாக வைத்தது போல அமைந்திருக்கின்றன. தொலைக்காட்சியில் பூல் போட்டி பார்த்தவர்களுக்கு இது பழகிய பந்துதான். பந்து எப்படிச் சுழல்கிறது என்பதைப் பார்வையாளர் காண வேண்டும் என்பதே அந்தப் புள்ளிகளின் வேலை. ஆனால் பயிற்சி செய்கிறவருக்கு அவை அதைவிடப் பெரிய உதவி செய்கின்றன.

வாங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நான் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் முதலில் வாங்கிய புள்ளிப் பந்து, பெட்டி முதல் புள்ளி வரை எல்லாம் சரியாக இருந்தும், கையில் எடுத்தவுடன் லேசாகத் தோன்றியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்பவன் என்பதால், மறுநாளே வெர்னியர் வைத்து அளந்தேன். அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைந்தது. பூல் பந்தின் விட்டத்தில் 0.13 மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம், எடை 156 முதல் 170 கிராம் வரை இருக்கலாம் என்று விதி இருக்கிறது. நேராக அடிக்கும் அடிகளில் இந்தக் குறை தெரியாமலே போய்விடும். மெல்லிய கட்டில் அரை மில்லிமீட்டர் என்பது தொடுவதற்கும் தொடாததற்கும் உள்ள வித்தியாசம். அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, விளையாட்டுப் பொருள் கடை ஒன்றில் நேரில் சென்று, தராசில் வைத்துப் பார்த்து இதை வாங்கினேன். சாதாரண வெள்ளைப் பந்தைவிட விலை பல மடங்கு கூடுதல்தான். கொடுத்த பணத்துக்கு வருத்தம் இல்லை.

இனி அந்தக் கட். எங்கள் கூடத்து மார்க்கர், அதாவது மேசைகளைப் பார்த்துக்கொள்பவர், நாற்பது வயதைக் கடந்தவர், ஒரே ஒரு வாக்கியத்தில் இந்த விஷயத்தைச் சொல்லிவிடுவார்: "வெள்ளை ஒரு பந்து அளவாவது பின்னாடி நின்னாதான் சார் போகும். சமமா நின்னா அடிச்சுப் பார்க்கவே வேண்டாம்." கணக்கும் அதையேதான் சொல்கிறது. அடிபடும் பந்து பாக்கெட்டை நோக்கிப் போக வேண்டுமானால், வெள்ளைப் பந்தின் மையம், பாக்கெட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் அந்தப் பந்தின் மையத்திலிருந்து சரியாக ஒரு பந்து விட்டம் தள்ளிய இடத்தில் வந்து தொட வேண்டும். நாம் குறி பார்க்கும்போது கண் பந்தின் மையத்தைப் பார்க்கிறது. வெள்ளையோ அந்தக் கற்பனை இடத்துக்குப் போகிறது. ஆகவே இரண்டு மையங்களையும் சேர்க்கும் கோட்டுக்குச் செங்குத்தாகப் பாக்கெட் இருந்தால், பார்வைக்கு 90 டிகிரியாகத் தெரியும் அந்த அடி, ஒரு மீட்டர் தூரத்தில் உண்மையில் 93 டிகிரிக்கும் மேல். அது நேரடி அடியில் நடக்கவே நடக்காது. உண்மையான 90 டிகிரியிலும் வெள்ளைப் பந்து மற்றதன் ஓரத்தை உரசிப் போகுமே தவிர, அதை முன்னே தள்ள எதுவும் மிச்சம் இருக்காது.

90-க்குக் கீழே எதுவரை போகலாம் என்பதைத்தான் சோதித்தோம். மூலைப் பாக்கெட்டிலிருந்து சுமார் முப்பது சென்டிமீட்டரில் ஒரு பந்தை வைத்து, வெள்ளை வந்து தொட வேண்டிய இடத்தையும் அது புறப்பட வேண்டிய இடங்களையும் குறிக்க, வீட்டிலிருந்து கொண்டுபோன மிகச் சிறிய ஸ்டிக்கர் பொட்டுகளை மேசைத் துணியில் ஒட்டினேன். மார்க்கர் முதலில் முகம் சுளித்தார். ஒன்றை உரித்துக் காட்டி, துணியில் பசை ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகு அவரே மீதியை ஒட்டினார். தொடும் இடத்திலிருந்து, பந்து பாக்கெட்டுக்குப் போகும் கோட்டுக்குச் செங்குத்தாக 90 சென்டிமீட்டர் தள்ளி, அங்கிருந்து 16 சென்டிமீட்டர் பின்னால் வெள்ளையை வைத்தால் 80 டிகிரி. 8 சென்டிமீட்டர் பின்னால் வைத்தால் 85.

பூல் பந்தில் 80 டிகிரிக் கட்டுக்கு இரண்டு பந்துகளும் ஒன்றை ஒன்று மறைக்கும் அளவு 0.87 மில்லிமீட்டர். 85 டிகிரிக்கு 0.22 மில்லிமீட்டர், அதாவது அலுவலகக் காகிதம் இரண்டை அடுக்கினால் வரும் தடிமன். வெள்ளை மற்றப் பந்தைப் பாதி மறைக்கும் அரைப் பந்து அடியில் கட் 30 டிகிரி. அதோடு ஒப்பிட்டால் 85 டிகிரியில் அதே சிறு பிழை பந்தின் திசையைப் பத்து மடங்கு திருப்பிவிடுகிறது. வேகமும் அப்படித்தான் சுருங்குகிறது: வெள்ளையின் வேகத்தில் 80 டிகிரியில் 17 விழுக்காடு, 85-இல் 9 விழுக்காடு மட்டுமே அடுத்த பந்துக்குப் போய்ச் சேரும். ஆகவே பலமாக அடித்தே ஆக வேண்டும். பலமாக அடித்தால் வெள்ளை மேசையைச் சுற்றிவந்து தானும் ஏதாவது பாக்கெட்டில் விழப் பார்க்கும்.

முதல் வாரம் 80 டிகிரியில் பெரும்பாலும் தவறவிட்டேன். அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது: இடப்பக்கப் பாக்கெட்டுக்குக் கட் செய்யும்போது பந்தைத் தொடாமலே வெள்ளை கடந்துபோனது. கண் பார்வையில் கோளாறோ என்றுகூட நினைத்தேன். பிறகு ஒரு நாள் ஒரு சிவப்புப் புள்ளியைக் கியூ முனைக்கு நேர் எதிரே திருப்பி வைத்து அடித்து, ஓடி நின்ற பந்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கியூ முனையில் பூசும் நீலச் சாக்பொடியின் தடம் புள்ளியின் மேல் இல்லை. அதற்கு இடப்பக்கம் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, நகக்கண் அளவில் பதிந்திருந்தது. மறுபடி அடித்தேன், மறுபடியும் அதே இடம். பாக்கெட் இடப்பக்கம் இருப்பதால் என் கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் போயிருக்கிறது. இடப்பக்கம் அடிபட்ட வெள்ளை வலப்பக்கமாகச் சில மில்லிமீட்டர் விலகி, ஒரு மில்லிமீட்டருக்குள் நடக்க வேண்டிய வேலையைத் தவறவிட்டிருக்கிறது. பதினைந்து வருடமாக நடுவில்தான் அடிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு இதைக் காட்டிக்கொடுத்தது அந்தப் புள்ளிதான். தடத்தைத் துடைத்துத் துடைத்து இரண்டு மாதம் பழகிய பிறகு, 80 டிகிரியில் பாதிக்கு மேல் விழத் தொடங்கின. 85-இலும் விழுகின்றன, எண்ணிக்கையில் குறைவாக.

வெளிப்பக்கச் சைடு, அதாவது பந்து திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வெள்ளையை மையம் விட்டு அடித்துத் தரும் பக்கச் சுழற்சி, கொடுத்தால் இன்னும் மெல்லியதாகக் கட் செய்யலாம் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. பந்துகள் உரசும்போது அடிபட்ட பந்து வெள்ளை போகும் திசையிலேயே சற்று இழுபடும். வெளிப்பக்கச் சைடு அந்த இழுப்பை நீக்கிவிடும். முழுதாக நீக்க, கியூ முனை மையத்திலிருந்து 11 மில்லிமீட்டர் தள்ளித் தொட வேண்டும். 14 மில்லிமீட்டரைத் தாண்டினால் முனை வழுக்கிவிடும். ஆனால் மெல்லிய கட்டில் அந்த இழுப்பே சிறியது. சைடால் வெள்ளை விலகும் அளவோ பெரியது. அதனால் என் தீர்ப்பு நடுவில் அடிப்பதன் பக்கமே. புள்ளிகள் குறுக்கே ஓடாமல், சக்கரம் போல நேராக உருண்டால் அடி சரி.

90 டிகிரியில் போட்டேன் என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். பாக்கெட்டின் வாய் இரண்டு பந்து அகலம் இருப்பதால், முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் ஐந்து டிகிரி வரை திசை தவறினாலும் பந்து உள்ளே போய்விடும். அவர்கள் போட்டது 84 அல்லது 85 டிகிரிக் கட்டாக இருந்திருக்கும். பந்து மேசை ஓரத்து ரப்பர் குஷனை ஒட்டி நின்றால் குஷனை முதலில் தொட்டுப் போடும் வழியும் இருக்கிறது. கியூவைத் தூக்கிப் பிடித்து வெள்ளையை வளைத்துக் கொண்டுவருவது இன்னொரு வழி. துணி கிழிந்தால் யார் பணம் கட்டுவது என்று மார்க்கர் கேட்பதால் அதை நாங்கள் முயலவில்லை, அவர் கேட்பது நியாயம்தான்.

இந்தப் பந்து பூலுக்கு மட்டுமே. ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், மேசை பன்னிரண்டு அடி நீளம், பாக்கெட்டின் வாய் ஓரங்கள் வளைந்தவை. அங்கே இதே 80 டிகிரி இன்னும் கடினம். விதிகள் நம் ஊட்டி கிளப்பில் 1882-இல் எழுதப்பட்ட ஆட்டம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு. அந்த அளவில் ஒரு புள்ளிப் பந்தைத்தான் அடுத்து வாங்கப்போகிறேன்.

கூடத்தில் உள்ள மற்றப் பந்துகள் தேய்ந்து சிறுத்திருந்தால் இந்தப் பந்து அவற்றோடு பொருந்தாது. முதலில் அவற்றை அளந்து பாருங்கள். மழைக்காலத்தில், சென்னையின் ஈரத்தில் துணி கனத்து ஓட்டம் குறையும்போது, 85 டிகிரிப் பந்து பாக்கெட்டின் வாயிலேயே நின்றுவிடுகிறது. மார்கழிக்குப் பிறகு அதே அடி விழுகிறது. அழுக்குப் பந்தில் இழுப்பு கூடும் என்பதால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கிறேன். ஒன்பது மாதத்தில் ஒரு புள்ளிகூட மங்கவில்லை.