அம்மானில் அரபி படிப்பு: வாத்தியார்களுக்கு முழு மார்க், வீட்டு ஏற்பாட்டுக்குப் பாதிகூட இல்லை

அரபி படிக்க ஒரு வருடம் ஜோர்டான் போகலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் சேர்ந்தது அம்மானில் ஜபல் அல்-லுவெய்ப்தே பகுதியில், பாரிஸ் சதுக்கத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஒரு தனியார் மொழி மையம். ஞாயிறு முதல் வியாழன் வரை வகுப்பு. வெள்ளி, சனி லீவு.

காலையில் ஃபுஸ்ஹா, அதாவது செய்தித்தாளிலும் புத்தகத்திலும் வருகிற அரபி. இலக்கண ஆசிரியை கெட்டிக்காரர். ஒரு வேரிலிருந்து, அதாவது சொல்லுக்கு அடிப்படையான (பெரும்பாலும் மூன்று) மெய்யெழுத்துகளிலிருந்து, கிளைக்கும் பத்து வினை வடிவங்களை அட்டவணை போட்டு மிரட்ட மாட்டார். அன்றைய பேப்பரில் ஒரு பத்தியைக் கொடுத்து, ஒவ்வொரு வினைக்கும் வேரைத் தேடச் சொல்வார். நாங்கள் வைத்திருந்த அகராதி வேர் வரிசையில் இருந்ததால், இது பிடிபடாமல் அதைத் திறந்தும் பயனில்லை.

ஆனால் வெறும் ஃபுஸ்ஹாவோடு டாக்ஸியில் ஏறினால், மீன் கடையில் செந்தமிழ் பேசிய கதைதான். டிரைவருக்கு நாம் சொல்வது புரிந்துவிடும், அவர் சொல்வதுதான் நமக்குப் புரியாது. அதனால் கொடுத்த காசுக்கு எனக்கு நிஜமாகப் பலன் கிடைத்தது மதியத்து ஆம்மிய்யா வகுப்பில், அதாவது ஊர்ப் பேச்சு வகுப்பில். ஒரு நாள் பாடத்தின் நடுவே தெருவில் பீத்தோவனின் பியானோ மெட்டு கேட்டது. அங்கே கேஸ் சிலிண்டர் வண்டி அந்த மெட்டைப் போட்டுக்கொண்டுதான் வரும். வாத்தியார் புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலைத் திறந்தார். "கூப்பிடுங்கள், விலை கேளுங்கள், எத்தனையாவது மாடி என்று சொல்லுங்கள்" என்றார். நான் கத்தியதைக் கேட்டு வண்டிக்காரர் சிரித்தார். அப்புறம் கீழே நின்றபடியே திருத்தியும் கொடுத்தார். சிலிண்டர் எங்களுக்குத் தேவையில்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் முறைத்தார், அது வேறு விஷயம்.

சரி, வீடு. மையமே பிடித்துக் கொடுத்த அறை செப்டம்பரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அம்மான் மலைமேல் இருக்கிற ஊர். டிசம்பர் வந்தால் கல் கட்டடங்களுக்குள் குளிர் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், சில வருடம் பனியும் விழும். என் அறையில் ஹீட்டர் கிடையாது. கேட்கப் போனால், பார்க்கிறோம் பார்க்கிறோம் என்றே ஜனவரி வந்துவிட்டது. தண்ணீரும் அப்படித்தான். அங்கே பல பகுதிகளில் வாரத்துக்கு ஒரு முறைதான் குழாயில் வரும். மொட்டைமாடித் தொட்டியில் நிரம்பியதை வைத்து மீதி நாட்களை ஓட்ட வேண்டும். எங்கள் தொட்டியில் பக்கத்து வீட்டுக்கும் பங்கு உண்டு என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தலைக்கு ஷாம்பு போட்ட பிறகுதான் தெரிந்தது.

முதல் வாரம் ஏதாவது விடுதியில் தங்கி, அறையை நேரில் பார்த்துப் பிடியுங்கள். ஹீட்டர் எங்கே, தொட்டி எத்தனை பேருக்கு என்று கேளுங்கள்.

கட்டணம் தினாரில் சின்னதாகத் தெரியும். ஒரு தினார் சுமார் 1.41 டாலர் என்பதை மறந்துவிடாதீர்கள். முழு வருடத்துக்கும் ஒரேயடியாகக் கட்ட வேண்டாம், ஒரு டெர்ம் போதும். ரமலான் எந்த டெர்மில் விழுகிறது என்று பாருங்கள். எங்களுக்கு அந்த மாதம் வகுப்பு நேரம் குறைந்தது, கட்டணம் குறையவில்லை. ஆம்மிய்யா வகுப்பும் கட்டணத்தில் அடக்கமா என்று சேரும்போதே எழுதி வாங்குங்கள். எனக்கு அது தனி பில்லாக வந்தது.