புது டேங்க் என்று விற்ற பழைய டேங்க்: கறுப்பு பெயின்டை நம்பி வாங்காதீர்கள்

"புத்தம் புதுசு, பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் பூச்சு) முடிஞ்சது, அப்படியே மாட்டலாம்" என்று சொல்லி, முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டு ஒரு விற்பனையாளர் கிளாசிக் காருக்கான பெட்ரோல் டேங்க்கை எங்களுக்கு அனுப்பினார். வந்தது ஓட்டை விழுந்த பழைய டேங்க். உள்ளே சீலர், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவப் பூச்சு, ஊற்றிச் சுழற்றியிருந்தார்கள். வெளியே பட்டி தடவி, அதற்கு மேல் கறுப்பு அடித்திருந்தார்கள். கேட்டதற்கு, "பெட்ரோல் ஊற்றிவிட்டீர்கள், இனி திரும்ப எடுக்க முடியாது" என்பதே பதில். இந்தப் பதிலுக்கு அவர்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். அதனால் கீழே சொல்லும் சோதனைகள் எல்லாவற்றையும் டேங்க் காய்ந்திருக்கும்போதே செய்யுங்கள். பெட்டியைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுத்து வையுங்கள்.

முதலில் கோட்டிங். வெள்ளைத் துணியில் தின்னர் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். சரியாகச் சுட்டெடுத்த பவுடர் கோட்டிங் அவ்வளவு எளிதில் கரையாது. இந்த டேங்க்கில் கறுப்பு அப்படியே துணிக்கு வந்துவிட்டது; அடியில் சாம்பல் நிறத்தில் பட்டி தெரிந்தது. சிறு காந்தத்தை அடிப்பக்கம் முழுவதும் நகர்த்தினால் பட்டி தடித்த இடங்களில் பிடிப்பு தளரும். இரும்பு டேங்க்குக்கு மட்டுமே இந்தச் சோதனை பொருந்தும்.

அடுத்து விளிம்பு. மேல் பாதியும் கீழ் பாதியும் சேரும் இடத்தில், புது டேங்க்கில் உருளை வெல்டிங்கின் (உருளைச் சக்கரங்களால் அழுத்திப் பற்றவைப்பது) தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சீராக ஓடும். அந்த வரி மொழுமொழுவென்று மூடியிருந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். டேங்க்கைத் தாங்கும் பட்டை இறுக்கி உராய்ந்த பள்ளம் அடிப்பக்கத்தில் தெரிந்தால், அது ஏற்கெனவே ஒரு காரில் தொங்கிய டேங்க்.

மிதவை யூனிட் (பெட்ரோல் அளவைக் கேஜுக்குச் சொல்லும் பாகம்) உட்காரும் துளை வழியே டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். வெற்று உலோகம் தெரிய வேண்டும். பளபளக்கும் தோல் மாதிரி ஒரு படலம், மூலைகளில் கூழாகத் தேங்கிக் காய்ந்திருந்தால் அதுதான் சீலர். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முழுதாக எடுக்காமல் ஊற்றிய சீலர் பிடிக்காது. பழைய வகைச் சீலர்களை எத்தனால் கலந்த பெட்ரோல் கரைத்தும் விடும். உரிந்த செதில் உறிஞ்சு குழாயின் வலையை அடைக்கும், பிறகு ஃபில்டரை, கடைசியில் கார்புரேட்டரின் ஊசி வால்வை. கார் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் செதில் வலையைவிட்டு விலகி, மறுபடி கிளம்பும். பம்ப் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பலர் பம்ப்பை மாற்றுவது இந்த இடத்தில்தான்.

கசிவுச் சோதனைக்கு கம்ப்ரஸரை நேரடியாகச் செருகாதீர்கள். டேங்க்கின் தகடு மெலிசு, பரப்பு பெரிது. 40 செ.மீ.க்கு 80 செ.மீ. உள்ள ஒரு பக்கத்தின்மீது 0.1 பார் அழுத்தமே 300 கிலோவுக்கு மேல் தள்ளும், தகடு உப்பிவிடும். ஒரு துளையில் கைப்பம்ப்பை மாட்டி, இன்னொன்றை விட்டு, மற்ற எல்லாத் துளைகளையும் அடையுங்கள். விட்ட துளையில் தெளிவான பிளாஸ்டிக் குழாயை 'ப' போல வளைத்து மாட்டி, அதில் தண்ணீர் ஊற்றுங்கள். கைப்பம்ப்பால் காற்றேற்றி, இரு பக்க நீர்மட்டத்துக்கும் 50 செ.மீ. வித்தியாசம் வந்ததும் நிறுத்துங்கள். இது 0.05 பார், கசிவைக் கண்டுபிடிக்க இதுவே போதும். விளிம்பிலும் கழுத்திலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நிழலில் வைத்தே சோதியுங்கள்: உள்ளிருக்கும் காற்று 1 டிகிரி மாறினாலே நீர்மட்ட வித்தியாசம் ஏறக்குறைய 3.5 செ.மீ. மாறும்; குளிர்ந்தால் கசிவில்லாத டேங்க்கும் கசிவதாகத் தோன்றும், சூடானால் கசியும் டேங்க்கும் நல்லதாகத் தோன்றும்.

எங்கள் கருத்தில், வாங்கினால் பெயின்ட் அடிக்காத வெற்று உலோகமாகவே வாங்க வேண்டும். ஈயம்–வெள்ளீயப் பூச்சு கொண்ட இரும்புத் தகடுதான் அக்காலத்து வழக்கம். இப்போது துத்தநாகம்–நிக்கல் பூச்சிலும் வருகிறது. கிடைத்தால் அதையே எடுங்கள். வெறும் துத்தநாகம் முக்கியது வேண்டாம்: எத்தனால் பெட்ரோலில் தண்ணீர் சேர்ந்தால் துத்தநாகம் அரித்து, வெள்ளைத் தூளாகக் கார்புரேட்டருக்குப் போகும்.

டேங்க்கை லேசாக ஆட்டிப் பார்ப்பதைவிட, உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கின்றனவா என்று டார்ச்சில் பார்ப்பது நல்லது. தடுப்பு இல்லையென்றால், பெட்ரோல் குறைவாக இருக்கும்போது வளைவுகளில் உறிஞ்சு குழாய் காற்றை இழுக்கும். காற்றுப்போக்கிக் குழாய்களைப் பழைய டேங்க்கோடு எண்ணி ஒப்பிடுங்கள். அமெரிக்கக் கார்களில் 1971 முதல் ஆவிக்கட்டுப்பாட்டு அமைப்பு (பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் பிடிப்பது) நாடு முழுவதும் வந்தது. அதற்கு முந்தைய டேங்க்குக்கும் பிந்தையதற்கும் குழாய்கள் வேறு, மூடியும் வேறு. காற்றுப்போக்கி இல்லாத டேங்க்குக்கு, காற்று விடாத மூடியைப் போட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராமல் எஞ்சின் தவிக்கும். சில நேரம் டேங்க்கே உள்வாங்கும். மிதவை யூனிட்டின் ஓம் அளவையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) கார்களில் பெரும்பாலும் காலிக்கு 0, நிறைவுக்கு 90 ஓம். பழைய ஃபோர்டில் காலிக்கு 73, நிறைவுக்கு 10. மாறிப் போட்டால் கேஜ் பொய் சொல்லும்.

இனி மேல்பூச்சு. பவுடர் கோட்டிங்கை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அதன் அடுப்பு பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஈயம் வைத்த இணைப்புகள் கழுத்திலோ குழாயிலோ இருந்தால், சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். பெட்ரோல் கண்ட டேங்க்கை அடுப்புக்குள் வைப்பதும், அதில் வெல்டிங் வைப்பதும் உயிருக்கே ஆபத்து. எத்தனை முறை கழுவினாலும் ஆவி மடிப்புகளில் தங்கியிருக்கும்.

துளைகளை அடைத்துவிட்டு, வெளிப்புறத்தைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, உலர்ந்ததும் பிசுக்குநீக்கியால் துடையுங்கள். மெல்லிய நாரால் மட்டும் தேயுங்கள். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் பூச்சு போய், துரு அங்கிருந்தே தொடங்கும். அந்தப் பூச்சுக்குப் பொருந்தும் என்று டப்பாவில் குறிப்பிட்டுள்ள எபாக்ஸி ப்ரைமரை மெலிசாக இரண்டு தடவை அடியுங்கள். விளிம்பு இடுக்கில் சீம் சீலர் (இணைப்பு இடுக்கை வெளியிலிருந்து அடைக்கும் பசை). அதற்கு மேல் இரு கலவைப் பாலியூரித்தேன் பெயின்ட். தார் போன்ற தடித்த அடிப்பூச்சு வேண்டாம்: விரிசல் வழியே தண்ணீர் புகுந்து உள்ளேயே தங்கும், கசிவும் கண்ணுக்குத் தெரியாது.

மிதவை யூனிட்டின் எர்த் கம்பி தொடும் இடத்தில் மட்டும் பெயின்டை நீக்கி, உலோகத்தோடு இறுக்குங்கள். நாம் போட்ட நல்ல பூச்சே மின்சாரத்தைத் தடுத்துவிடும். பட்டைக்கும் டேங்க்குக்கும் நடுவே பழைய கம்பளி நமதாவைத் திரும்ப வைக்காதீர்கள், அது தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். தண்ணீர் உறிஞ்சாத ரப்பர் பட்டையே சரி. 60 லிட்டர் பெட்ரோல் மட்டுமே ஏறக்குறைய 44 கிலோ. பட்டையின் போல்ட்டும் துருப்பிடித்திருந்தால் அதையும் மாற்றுங்கள்.

முதலில் 5 லிட்டர் ஊற்றி, அடிப்பக்கத்தையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள். பிறகு பாதி, பிறகு முழுது. கழுத்தும் மேல் குழாய்களும் கசிந்தால் டேங்க் நிறைந்த பிறகுதான் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் அடியில் காகிதம் விரித்து, ஓர் இரவு விட்டுப் பாருங்கள்.