நெஞ்செரிவுக்கு அன்டாசிட்டா, ஒமிப்ராசோலா?

திருகோணமலையில் பாமசிக்குப் போய் "காஸ்" என்றால் இந்த இரண்டில் ஒன்றுதான் பெரும்பாலும் கைக்கு வரும்.

வேகம்: அன்டாசிட் சில நிமிடங்களில் தணிக்கும். ஒமிப்ராசோலின் முழுப்பலனுக்கு 1 முதல் 4 நாட்கள்.

நீடிப்பு: முன்னது கொஞ்ச நேரம். பின்னது நாள் முழுக்க.

எடுப்பது: அன்டாசிட் சாப்பிட்ட பிறகு. ஒமிப்ராசோல் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்.

அமிலக் குறைவு: இங்கேதான் கவனம் வேண்டும். அன்டாசிட் வயிற்றில் சுரந்த அமிலத்தைச் சமன் செய்வதோடு சரி. ஒமிப்ராசோல் சுரப்பையே அடக்குகிறது. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும், இரும்பும் பி12 உம் உடலில் சேர உதவுவதும் அதே அமிலம்தான். வருடக்கணக்கில் ஒமிப்ராசோல் குளிசை போட்டால் பி12, மக்னீசியம் குறையலாம். குடல் தொற்றும் வயிற்றோட்டமும் வரும் வாய்ப்பு கூடும். அதற்காக, அமிலம் குறைவு என்று தாமாகவே முடிவெடுத்துத் தேசிக்காய்ச் சாறு குடிப்பதும் சரியில்லை, எரிவு கூடிவிடும்.

நிலாவெளியில் உறைப்பான நண்டுக்கறி சாப்பிட்ட இரவுக்கு அன்டாசிட் போதும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். அடிக்கடி எரிவு, வயிற்றுப் புண் என்றால் ஒமிப்ராசோல்தான், ஆனால் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மட்டும். மலம் கறுத்தாலோ காரணமின்றி மெலிந்தாலோ இரண்டையும் நம்பியிருக்காமல் உடனே பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.