புதுச்சேரியில் பாக்சிங் ஜிம்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

முத்தியால்பேட்டையோ லாஸ்பேட்டையோ, எந்த ஜிம்மாக இருந்தாலும் பகலில் போய் இயந்திரங்களை எண்ணாதீர்கள். மாலை வகுப்பு நடக்கும்போது ஓரமாக நின்று முழுசாகப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது கோச்சைத்தான். புதிதாக வந்தவரின் கால் நிலையைத் திருத்துகிறாரா, இல்லை போனைப் பார்த்துக்கொண்டு "இன்னும் வேகமா" என்கிறாரா? பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) தரும் பயிற்சியாளர் டிப்ளமா இருந்தால் நல்லது. ஆனால் சான்றிதழ் மட்டும் சொல்லிக்கொடுத்துவிடாது.

அடுத்தது ஸ்பாரிங், அதாவது இன்னொருவரோடு மோதிப் பழகுவது. சேர்ந்த முதல் வாரமே ரிங்கில் இறக்கிவிடும் இடத்துக்குப் போகவே வேண்டாம். நின்று, நகர்ந்து, ஜாப் (முன் கையால் நேராகக் குத்துவது) போட்டுத் தற்காக்கவே சில மாதம் பிடிக்கும். ஸ்பாரிங்குக்கு 16 அவுன்ஸ் கிளவுஸ், ஹெட்கார்டு, பல்லுக்கு மவுத்கார்டு கட்டாயமா? 55 கிலோ பையனை 80 கிலோ ஆளோடு மோதவிடுகிறார்களா? தலையில் பலமாக அடிபட்டவரை அன்றே திரும்ப இறக்கினால், அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

குத்திப் பழகத் தொங்கவிட்டிருக்கும் பேக்கைக் கையால் அழுத்துங்கள். அடியில் மணல் இறங்கிக் கல்லாகியிருந்தால் மணிக்கட்டு போய்விடும். சிமென்ட் தரையில் வெறும் கார்பெட் என்றால் முழங்கால் வலிக்கும்.

நம்ம ஊர்க் கடல்காற்றில் பேக்கின் கொக்கியும் சங்கிலியும் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதையும் அண்ணாந்து பாருங்கள். பொது கிளவுஸ் காயாமல் நாறும். சொந்தமாக 12 அவுன்ஸ் ஜோடியும் கிளவுஸுக்குள் கையில் சுற்றிக்கொள்ளும் 180 அங்குல ஹேண்ட்ராப் துணியும் வாங்கிவிடுங்கள்.

வருடக் கட்டணத் தள்ளுபடியில் மயங்காமல் முதலில் ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள்.